பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு ஐடிஐ, பாலிடெக்னிக், தொழிற்பிரிவு: எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் எங்கள் ஊர் நூலகத்தில் நானும் இரண்டு நண்பர்களும் ஒரு மேசையைப் போட்டு உட்காருவோம். ஐடிஐ, பாலிடெக்னிக் விண்ணப்பம் போட வருகிறவர்களுக்குக் கூடமாட உதவுவதுதான் வேலை. நான் ஐடிஐயில் பிட்டர், அதாவது இரும்புப் பாகங்களை அராவிப் பொருத்துகிற தொழில், படித்து, பிறகு டிப்ளமோ முடித்தவன். அதனால் என்னிடம் அனுப்பிவிடுவார்கள்.

வந்ததும் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "தம்பி, இந்த மார்க்குக்கு எங்க சீட்டு கிடைக்கும்?" அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. சீட்டை முதலில் தேடினால், பக்கத்தில் காலியாக இருப்பது எதுவோ அதில் போய் விழுவோம். கீழே உள்ள வரிசையில் போனால் அந்தச் சிக்கல் பாதி குறையும்.

1. முடித்த பிறகு எங்கே போவது என்பதை முதலில் பேசுங்கள்

சேரும் வாசலைப் பார்ப்பதற்கு முன் வெளியே போகும் வாசலைப் பாருங்கள். வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து ஒரு சாயங்காலம் பேசினால் போதும். இரண்டு வருடத்தில் சம்பளம் வேண்டுமா, ரயில்வே மாதிரி அரசு வேலைக்குத் தேர்வு எழுத வேண்டுமா, சொந்தமாகக் கடையோ ஒர்க் ஷாப்போ வைப்பதா, இல்லை எப்படியாவது பி.இ. வரை போக வேண்டுமா? ஒவ்வொன்றுக்கும் வழி வேறு.

இதை ஏன் முதலில் வைக்கிறேன் என்றால், சில கதவுகள் சேரும் நாளிலேயே மூடிவிடும். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பையன் வெல்டர் ட்ரேடு (ஐடிஐயில் படிக்கும் தொழிலை ட்ரேடு என்பார்கள்) முடித்துவிட்டு வந்தான். ஒரு வருடப் படிப்பு, வீட்டுக்குப் பக்கம், நன்றாகவே செய்திருந்தான். இனி பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேர வேண்டும் என்றான். முடியாது. பத்தாம் வகுப்புக்குப் பிறகு இரண்டு வருட ஐடிஐ முடித்தவர்களுக்குத்தான் அந்த லேட்டரல் என்ட்ரி உண்டு. கடைசியில் பத்தாம் வகுப்பு மார்க்கை வைத்து முதலாம் ஆண்டில் சேர்ந்தான். வெல்டர் படித்தது வீண் இல்லை, ஆனால் யாராவது முன்பே சொல்லியிருந்தால் அவன் கணக்கு வேறு மாதிரி இருந்திருக்கும்.

பி.இ. தான் இலக்கு என்றால் விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். பிளஸ் டூ வழியில் 2 + 4, ஆறு வருடம். டிப்ளமோ வழியில் மூன்று வருடம் பாலிடெக்னிக், பிறகு பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்ந்து மூன்று வருடம், அதுவும் ஆறுதான். ஐடிஐ வழியில் 2 + 2 + 3, ஏழு வருடம். "டிப்ளமோ போனா ஒரு வருஷம் வீணாப் போயிடும்" என்று ஊரில் சொல்வது தவறு. ஐடிஐ வழியில் ஒரு வருடம் கூடுதல்தான், ஆனால் நடுவில் எங்கே நின்றாலும் கையில் ஒரு தொழில் இருக்கும்.

2. மூன்று வழிகள், சுருக்கமாக

ஐடிஐ என்கிற தொழிற்பயிற்சி நிலையம்: ட்ரேடைப் பொறுத்து ஒரு வருடம் அல்லது இரண்டு வருடம். பிட்டர், எலக்ட்ரீசியன், டர்னர், மெஷினிஸ்ட் எல்லாம் இரண்டு வருடம். வெல்டர், பிளம்பர், கோபா (கணினி இயக்கும் படிப்பு) போன்றவை ஒரு வருடம். வெல்டர், ஒயர்மேன், பிளம்பர் மாதிரி சிலவற்றுக்கு எட்டாம் வகுப்பே போதும். பாதிக்கு மேல் நேரம் ஒர்க் ஷாப்பில் நின்றுகொண்டு செய்கிற வேலை.

பாலிடெக்னிக் டிப்ளமோ: மூன்று வருடம், ஆறு செமஸ்டர். சாண்ட்விச் டிப்ளமோ என்றால் மூன்றரை வருடம், நடுவில் தொழிற்சாலைப் பயிற்சியும் இருக்கும். இங்கே கணக்கு, இயற்பியல், டிராயிங் எல்லாம் அதிகம். பத்தாம் வகுப்பில் கணக்கைத் தட்டுத் தடுமாறிப் பாஸ் செய்த பிள்ளை முதல் இரண்டு செமஸ்டரில் அரியர் வைப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். சேராதே என்று சொல்லவில்லை. அந்தக் கோடை விடுமுறையில் கணக்கைத் தூசி தட்டிவிட்டுச் சேருங்கள்.

பிளஸ் டூவில் தொழிற்பிரிவு: பள்ளியிலேயே அடிப்படை இயந்திரவியல், மின் பொறியியல், வேளாண்மை, ஆடை வடிவமைப்பு, அலுவலக மேலாண்மை, நர்சிங் போன்ற பாடங்கள். பிளஸ் டூ சான்றிதழும் கிடைக்கும், கொஞ்சம் தொழிலும் தெரியும். பொறியியல் கவுன்சிலிங்கில் தொழிற்பிரிவு மாணவர்களுக்குத் தனித் தரவரிசை உண்டு. பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டுக்கும் போகலாம். இதில் ஒரு பெரிய தவறான எண்ணம்: நர்சிங் குரூப் முடித்தால் நர்ஸ் ஆகிவிடலாம் என்பது. ஆக முடியாது. அதற்குப் பிறகு டிப்ளமோ நர்சிங்கோ பி.எஸ்சி. நர்சிங்கோ படித்துப் பதிவு செய்துகொண்டால்தான் நர்ஸ்.

இந்த மூன்றுக்கும் வெளியே சில நல்ல இடங்கள் உள்ளன, பலருக்குத் தெரிவதில்லை. சென்னை தரமணி வளாகத்தில் அச்சு, தோல், ஜவுளி, வேதியியல் என்று தனித்தனித் தொழில்நுட்பப் பயிலகங்கள் இருக்கின்றன. கிண்டியில் சிப்பெட், பிளாஸ்டிக் தொழில்நுட்ப டிப்ளமோவுக்கு. சேலத்தில் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்பக் கழகம். மெக்கானிக்கல், இஇஇ (மின், மின்னணுப் பொறியியல்) என்று எல்லோரும் முட்டிக்கொள்ளும்போது இந்தப் பக்கமும் ஒரு பார்வை பார்க்கலாம்.

3. காகிதங்களை ரிசல்டுக்கு முன்பே தயார் செய்யுங்கள்

இதை ஏப்ரலில் செய்ய வேண்டும். மே மாதம் இ-சேவை மையத்தில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் பெயர். ஆதாரில் ஒரு எழுத்து, பள்ளிப் பதிவில் ஒரு எழுத்து, ஜாதிச் சான்றிதழில் அப்பா பெயர் இன்னொரு எழுத்து. இனிஷியல் முன்னாலா பின்னாலா என்பதிலேயே பாதிப் பேர் மாட்டுகிறார்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் என்ன வருகிறதோ அதுதான் வாழ்நாள் முழுக்க. ஆகவே மற்றவற்றை அதற்கேற்ப மாற்றுங்கள், மார்க் ஷீட்டை மற்றவற்றுக்காக மாற்ற அலையாதீர்கள்.

இரண்டாவது ஜாதிச் சான்றிதழ். அது இல்லாவிட்டால் உங்களைப் பொதுப் பிரிவில்தான் கணக்கில் எடுப்பார்கள். தமிழ்நாட்டில் 69 சதவீத இட ஒதுக்கீடு இருந்தும், ஒரு காகிதம் இல்லாததால் அது உங்களுக்கு இல்லாமல் போகும். வருமானச் சான்றிதழ் ஒரு வருடம்தான் செல்லும், அதனால் போன வருடம் வாங்கியதை எடுத்துக்கொண்டு வராதீர்கள். மாற்றுத்திறனாளி, முன்னாள் ராணுவத்தினர் பிள்ளைகள் போன்ற சிறப்புப் பிரிவு இருந்தால் அதன் சான்றும் இப்போதே.

மூன்றாவது, ஆதாரோடு இணைந்த கைபேசி எண் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். ஓடிபி அப்பா வைத்திருந்த பழைய சிம்முக்குப் போய், அது எப்போதோ காலாவதியாகி இருக்கும். அப்புறம் மாணவர் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு, அதில் ஆதார் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். அரசு ஐடிஐயில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ படித்து வந்தவர் என்றால் மாணவிகளுக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கிடைக்கும்; ஐடிஐக்கும் டிப்ளமோவுக்கும் அது பொருந்தும். கணக்கு ஆதாரோடு சேரவில்லை என்றால் பணம் வந்து சேராது. ஆறாம் வகுப்பு முதல் அங்கேதான் படித்தார் என்பதற்குப் பள்ளியில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் பள்ளி மாறியிருந்தால் இரண்டு பள்ளியிலும்.

தமிழ் வழியில் படித்தவர்கள் டிசி வாங்கும்போதே தமிழ் வழிச் சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள். பின்னாளில் மாநில அரசு வேலைக்கு 20 சதவீத முன்னுரிமையில் அது தேவைப்படும். ஐந்து வருடம் கழித்துத் தேடிப் போனால் தலைமையாசிரியர் மாறியிருப்பார், பதிவேடு எந்த அலமாரியில் என்று யாருக்கும் தெரியாது.

4. ட்ரேடைத் தேர்வு செய்வதற்கு முன் ஒர்க் ஷாப்பைக் கண்ணால் பாருங்கள்

இந்த ஒரு படிக்காக ஒரு நாள் லீவு போட்டாலும் தகும். பெயரை வைத்து ட்ரேடு எடுப்பதுதான் நான் பார்த்த தவறுகளிலேயே பெரியது. எலக்ட்ரீசியன் என்றால் ஃபேன் மாட்டுவது என்று நினைத்து வருகிறார்கள். கோபா என்றால் கம்ப்யூட்டர் இன்ஜினியர் ஆகலாம் என்று வருகிறார்கள். கோபா அலுவலகக் கணினி வேலைக்கும் டேட்டா பதிவுக்குமான நல்ல ஒரு வருடப் படிப்பு. அதற்கு மேல் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

பிட்டர் ட்ரேடில் முதல் சில வாரங்கள் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். கையில் ஒரு பட்டை அரம், வைஸ் என்கிற பிடிகருவியில் ஒரு மைல்ட் ஸ்டீல் துண்டு. அதைச் சமதளமாக அராவ வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். புதிதாக அராவுகிறவன் அரத்தைத் தூளி மாதிரி ஆட்டுவான், துண்டின் ஓரங்கள் தேய்ந்து நடு மேடாகிவிடும். மாஸ்டர் வந்து டிரை ஸ்கொயர் என்கிற மூலைமட்டத்தைத் துண்டின் மேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடிப்பார். இடுக்கில் ஒரு கோடு வெளிச்சம் தெரிந்தாலும் திரும்பப் போய் அராவ வேண்டியதுதான். உள்ளங்கை கொப்பளிக்கும். எனக்கு முதல் துண்டு சரியாக வர ஒன்பது நாள் ஆனது, அதற்குள் துண்டு பாதியாகிவிட்டது. அந்த ஒன்பது நாளில் மூன்று பேர் நின்றுவிட்டார்கள். முன்பே ஒரு தடவை வந்து பார்த்திருந்தால் அவர்கள் வேறு ட்ரேடு எடுத்திருப்பார்கள், அந்த மூன்று சீட்டும் வேறு யாருக்காவது போயிருக்கும்.

எலக்ட்ரீசியனில் ஒயரைச் சீவி ஜாயின்ட் போடுவதில் தொடங்கி மோட்டார் வைண்டிங், பேனல் வரை போகும். இதில் சேரும் முன் கண் டாக்டரிடம் நிறப்பார்வையைச் சோதித்துவிடுங்கள். சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாத பையன்கள் சிலர் இருப்பார்கள், அவர்களுக்கே அது தெரியாது. ரயில்வேயில் லோகோ பைலட் (ரயில் ஓட்டுநர்) ஆசை இருந்தால் இது இன்னும் முக்கியம். தேர்வில் பாஸ் ஆகி மருத்துவப் பரிசோதனையில் வெளியே வருவது கொடுமை.

வெல்டிங் சம்பாதித்துத் தரும், கைத்திறன் இருந்தால் வேகமாக மேலே வரலாம். ஆனால் முகக்கவசம் இல்லாமல் வெல்டிங் ஆர்க் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு ராத்திரி கண்ணில் மணல் கொட்டினாற்போல் துடிக்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பாதுகாப்பில் அலட்சியமான பிள்ளையை அங்கே ஏன் அனுப்பக் கூடாது என்று சொல்வார்கள்.

டர்னர், மெஷினிஸ்ட் இரண்டும் இன்று சிஎன்சி, அதாவது கணினி இயக்கும் மெஷின் பக்கம் போகின்றன. கோவை, ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை பார்க்கத் தயாராக இருப்பவர்களுக்கு ஏற்றது. டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து மேம்படுத்தப்பட்ட 71 அரசு ஐடிஐகளில் ரோபோட், சிஎன்சி, மின்வாகன மெக்கானிக் மாதிரி புதிய ட்ரேடுகளும் வந்திருக்கின்றன. உங்கள் பக்கத்து நிலையம் அதில் ஒன்றா என்று கேளுங்கள். பெண் பிள்ளைகளைத் தையலுக்கும் கோபாவுக்கும் மட்டும் தள்ளிவிடாதீர்கள். பிட்டரிலும் எலக்ட்ரானிக்ஸிலும் பெண்கள் நன்றாகச் செய்கிறார்கள், பெரிய தொழிற்சாலைகள் அவர்களைத் தேடி எடுக்கின்றன.

பார்க்கப் போகும்போது மாணவரையும் கூட்டிப் போங்கள். இதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் அப்பாவும் மாமாவும் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வருகிற வீடுகள் இருக்கின்றன.

5. நிலையத்தின் அங்கீகாரத்தைச் சரிபாருங்கள்

அரசு நிலையம் என்றால் இந்தப் படியைத் தாண்டிப் போகலாம். தனியார் ஐடிஐ என்றால் என்சிவிடி (தேசியத் தொழிற்பயிற்சிக் குழு) அல்லது எஸ்சிவிடி (மாநிலத் தொழிற்பயிற்சிக் குழு) அங்கீகாரம் வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம்: அங்கீகாரம் நிலையத்துக்கு மொத்தமாக அல்ல, ட்ரேடு வாரியாக. "எங்களுக்கு அங்கீகாரம் இருக்கு" என்று போர்டைக் காட்டுவார்கள். பிட்டருக்கு இருக்கும், நீங்கள் சேரப்போகும் ட்ரேடுக்கு இருக்காது. ட்ரேடு பெயரைச் சொல்லி, எத்தனை இடத்துக்கு அங்கீகாரம் என்று கேளுங்கள்.

பாலிடெக்னிக் என்றால் ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) அனுமதியும், தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் இணைப்பும். இந்த இரண்டும் இல்லாமல் ஏதோ ஒரு கவுன்சில் பெயரில் "டிப்ளமோ" தருகிற இடங்கள் பஸ் ஸ்டாண்டு சுவர் முழுக்க விளம்பரம் ஒட்டியிருக்கும். அந்தக் காகிதத்தை வைத்து லேட்டரல் என்ட்ரியும் கிடையாது, அரசுத் தேர்வும் கிடையாது.

6. விண்ணப்பத்தை ஒன்றோடு நிறுத்தாதீர்கள்

ரிசல்ட் வரும் சமயத்திலேயே பாலிடெக்னிக் விண்ணப்பமும் அதையொட்டி ஐடிஐ விண்ணப்பமும் திறக்கும். பாலிடெக்னிக்குக்குத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் தளம், ஐடிஐக்கு வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையின் தளம். இரண்டுக்கும் போடுங்கள், பிளஸ் ஒன் சேர்க்கையையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அரசு நிலையங்களில் விண்ணப்பத்துக்கு ஆகும் செலவு சொற்பம். ஒரு கதவை மட்டும் தட்டிவிட்டு ஜூலையில் முழிப்பதைவிட இது மேல்.

பிரவுசிங் சென்டரில் விண்ணப்பம் போட்டால் உங்கள் கைபேசி எண்ணைத்தான் கொடுக்க வேண்டும். அவசரத்தில் சென்டர்காரரின் எண்ணும் மின்னஞ்சலும் போய்விடும், கவுன்சிலிங் அழைப்பு அவருக்கு வரும், அவருக்கு நானூறு அழைப்பு வரும். சமர்ப்பித்த விண்ணப்பத்தை அச்செடுத்து, பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் அதன் பின்பக்கம் பேனாவால் எழுதி வையுங்கள்.

வயதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அரசு ஐடிஐயில் ஆண்களுக்கு 14 முதல் 40 வரை, பெண்களுக்கு மேல் வரம்பே இல்லை. மகனோடு விண்ணப்பிக்க வந்து தானும் தையல் ட்ரேடுக்குப் போட்ட ஒரு அக்காவை எனக்குத் தெரியும்.

7. விருப்ப வரிசையை வீட்டில் உட்கார்ந்து எழுதுங்கள்

ரேங்க் மார்க்கின்படி, இட ஒதுக்கீட்டோடு வரும். உங்கள் கையில் இருப்பது விருப்ப வரிசை மட்டும்தான். அதைக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்துகொண்டு யோசிக்கக் கூடாது. ஒரு நோட்டில் எழுதி, அடித்து, திருத்தி, பிறகு போய்ப் பதிவு செய்யுங்கள்.

வரிசை எழுதும்போது நான் சொல்வது: ட்ரேடு முதலில், ஊர் இரண்டாவது. முதல் படியில் பி.இ. வரை போகும் எண்ணம் என்று முடிவு செய்திருந்தால், பக்கத்து ஊர் ஒரு வருட ட்ரேடைவிடத் தூரத்து ஊர் இரண்டு வருட ட்ரேடு மேலே இருக்க வேண்டும். அதே நேரம் தூரத்தைக் கனவில் அளக்காதீர்கள். காலையில் முதல் பஸ் எத்தனை மணிக்கு, எட்டு மணிக்கு வாசலில் நிற்க முடியுமா என்று ஒரு நாள் போய்ப் பாருங்கள். இலவச பஸ் பாஸ் உண்டுதான், பஸ் இல்லாத ஊருக்குப் பாஸ் எதற்கு? தங்க வேண்டும் என்றால் அரசு விடுதிக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், சீட் கிடைத்தால் விடுதி தானாகக் கிடைக்காது.

பெரிய இடம் என்பதற்காக வேண்டாத பாடத்தை மேலே போடாதீர்கள். உங்கள் வரிசையில் மேலே இருப்பதிலிருந்துதான் இடம் ஒதுக்குவார்கள். "சும்மா போட்டு வெச்சேன் சார்" என்று அழுதுகொண்டு வந்தவர்களைப் பார்த்தாகிவிட்டது.

முதல் சுற்றில் கிடைக்கவில்லை என்றால் சோர்ந்து போய்த் தனியாரிடம் ஓட வேண்டாம். கவுன்சிலிங் முடிந்தபின் காலி இடங்களுக்கு நிலையத்திலேயே நேரடிச் சேர்க்கை நடப்பது வழக்கம். சேர்ந்தவர்களில் சிலர் பிளஸ் ஒன்னுக்கும் வேறு கல்லூரிக்கும் போய்விடுவார்கள். விரும்பிய நிலையத்தின் அலுவலக எண்ணை வாங்கி, இரண்டு நாளுக்கு ஒரு தடவை போன் போடுங்கள். நச்சரிப்பதாக நினைத்தாலும் பரவாயில்லை.

8. ஒரிஜினலை முதலில் எங்கே கொடுக்கிறீர்கள் என்பதில் கவனம்

டிசியும் மார்க் ஷீட்டும் கையைவிட்டுப் போனால் பாதி உரிமை போன மாதிரி. என் சித்தப்பா பெண்ணுக்கு இது நடந்தது. ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் "சும்மா சீட்டை உறுதி பண்ணிக்கலாம்" என்று ஒரிஜினலையும் ஒரு தொகையையும் வாங்கி வைத்தார்கள். பத்து நாளில் அரசு பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்தது. திரும்பக் கேட்கப் போனால் மூன்று வருடக் கட்டணத்தையும் கட்டிவிட்டு எடுத்துக்கொள் என்றார்கள். நாங்கள் நாலு பேர் போய் நின்று, எழுத்து மூலம் புகார் கொடுக்கப் போகிறோம் என்று சொன்ன பிறகுதான் சான்றிதழ் வந்தது. பணம் வரவில்லை.

ஆகவே அரசு கவுன்சிலிங் முடியும் வரை யாருக்கும் ஒரிஜினல் இல்லை, ஜெராக்ஸ் மட்டும்தான். பிளஸ் ஒன் சேர டிசி கேட்டால், ஐடிஐ, பாலிடெக்னிக்குக்கு விண்ணப்பித்திருப்பதைத் தலைமையாசிரியரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். பெரும்பாலானவர்கள் புரிந்துகொள்வார்கள். எங்கே கொடுத்தாலும் பெற்றுக்கொண்டதற்கு ஒரு ரசீது. கொடுக்கும் முன் எல்லாவற்றையும் வண்ணத்தில் ஸ்கேன் செய்து, பத்து செட் ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். சேரும் நாளில் அதில் பாதி கரைந்துவிடும்.

9. முதல் ஆறு மாதத்தைத் தாண்டுவது

ஐடிஐயில் வருகைப் பதிவு 80 சதவீதம் இல்லாவிட்டால் தேர்வு எழுத விடமாட்டார்கள். நடவு, அறுவடை, திருவிழா என்று லீவு போடுகிற ஊர்களில் இதுதான் முதல் பள்ளம். பள்ளி மாதிரி பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள்.

இரண்டாவது பள்ளம் டிராயிங். ஒரு பொருளை மேலிருந்து, முன்னாலிருந்து, பக்கத்திலிருந்து பார்த்து மூன்று படமாக வரைவது புதியவர்களுக்குக் குழப்பும். வீட்டில் ஒரு தீப்பெட்டியை எடுத்து மேசை மேல் வைத்து மூன்று பக்கமும் வரையச் சொல்லுங்கள். அப்புறம் அதன்மேல் இன்னொன்றைக் குறுக்காக வைத்து வரையச் சொல்லுங்கள். இரண்டு வாரம் செய்தால் கை வந்துவிடும். தொழிற்சாலை நேர்காணலில் பெரும்பாலும் ஒரு டிராயிங்கை நீட்டி, வெர்னியர் என்கிற நுட்ப அளவுகருவியைக் கையில் கொடுத்து, அளந்து சொல் என்பார்கள். அங்கேதான் ஆள் யார் என்று தெரியும்.

எழுத்துத் தேர்வு கணினியில் நடக்கும். ஒர்க் ஷாப்பில் புலியாக இருந்து, மவுஸைப் பிடிக்கத் தெரியாமல் நேரத்தை விட்டவர்கள் உண்டு. நான்கைந்து மாதிரித் தேர்வாவது எழுதிப் பழக வேண்டும்.

10. முடிக்கும் வருடத்திலேயே அடுத்ததைத் தொடங்குங்கள்

தொழிற்சாலையில் வேலை செய்தே பழகுகிற அப்ரென்டிஸ் பயிற்சி ஐடிஐ, டிப்ளமோ இரண்டுக்கும் உண்டு. பெரம்பூர் ஐசிஎஃப் (ரயில் பெட்டித் தொழிற்சாலை), திருச்சி பெல், நெய்வேலி என்எல்சி போன்ற இடங்கள் அறிவிப்பு வெளியிட்டு எடுக்கின்றன. தனியாரிலும் நிறைய. இதில் மாட்டும் இடம் ஒன்று: கம்பெனி உங்களை "ட்ரெய்னி" என்று எடுக்கிறதா, அப்ரென்டிஸ் சட்டப்படி அரசுத் தளத்தில் ஒப்பந்தம் பதிவு செய்து எடுக்கிறதா என்று கேளுங்கள். சம்பளம் ஒன்றுபோல இருக்கலாம். ஆனால் பதிவு செய்தவருக்குத்தான் தேசிய அப்ரென்டிஸ் சான்றிதழ் வரும். ரயில்வேயிலேயே அப்ரென்டிஸ் முடித்தவர்களுக்கு அங்கே கடைநிலைப் பணி நியமனத்தில் 20 சதவீத ஒதுக்கீடும் உண்டு. ட்ரெய்னியாக இரண்டு வருடம் உழைத்துவிட்டு வெறும் அனுபவக் கடிதத்தோடு வந்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

ரயில்வேயின் உதவி லோகோ பைலட் தேர்வுக்குப் பத்தாம் வகுப்போடு ஐடிஐ அல்லது டிப்ளமோ போதும், ஆனால் எல்லா ட்ரேடும் அந்தப் பட்டியலில் இல்லை. பிட்டர், எலக்ட்ரீசியன், டர்னர், டீசல் மெக்கானிக் எல்லாம் உண்டு. வயது 18 ஆகியிருக்க வேண்டும். பதினைந்தில் சேர்ந்து பதினேழில் முடிக்கிற பிள்ளைக்கு நடுவில் ஒரு வருடம் இருக்கிறது. அந்த வருடத்தை அப்ரென்டிஸுக்குக் கொடுத்தால் கணக்கு சரியாக வரும்.

வீட்டு ஒயரிங் வேலையைச் சொந்தமாக எடுத்துச் செய்ய நினைக்கும் எலக்ட்ரீசியன், ஒயர்மேன் மாணவர்களுக்கு ஐடிஐ சான்றிதழ் மட்டும் போதாது. மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் மின்கம்பியாள் தகுதிச் சான்றையும் வாங்க வேண்டும். வேலை செய்து பழகிய பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டால் பத்து வருடம் அடுத்தவர் லைசென்ஸில்தான் வேலை செய்வீர்கள்.

டிப்ளமோ இரண்டாம் ஆண்டுக்கோ பி.இ. இரண்டாம் ஆண்டுக்கோ போகிறவர்கள் கடைசித் தேர்வின் ரிசல்டுக்காகக் காத்திருக்காமல் விண்ணப்ப அறிவிப்பைக் கவனியுங்கள். அது வருவதும் தெரியாது, முடிவதும் தெரியாது.

கடைசியாக, பெரும்பாலோருக்குத் தெரியாத ஒன்று. பத்தாம் வகுப்புக்குப் பிறகு இரண்டு வருட ஐடிஐ முடித்தவர்கள் தமிழ், ஆங்கிலம் ஆகிய மொழிப் பாடங்களை மட்டும் எழுதித் தேர்ச்சி பெற்றால் பிளஸ் டூவுக்கு இணையான சான்றிதழ் பெறலாம். எட்டாம் வகுப்புக்குப் பிறகு முடித்தவர்களுக்கு அதேபோலப் பத்தாம் வகுப்புக்கு இணை. வேலைக்குப் போய்விட்டால் படிக்க உட்கார முடியாது, அதனால் இரண்டாம் வருடம் படிக்கும்போதே பள்ளிப் புத்தகம் இரண்டையும் யாரிடமாவது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். போன வருடம் ஒயர்மேன் முடித்த ஒரு தம்பி இப்படித்தான் எழுதிப் பாஸ் செய்தான், இப்போது பகலில் பேனல் வேலை, ராத்திரி தொலைதூரக் கல்வியில் பி.காம். புத்தகங்களை எங்கள் நூலக மேசையிலேயே விட்டுவிட்டுப் போனான், அடுத்து வருகிறவர்களுக்காக.